துண்டு வெட்டியாயிற்று, இனி என்ன?

2009 ஒக்டோபரில் பம்பலப்பிட்டிக் கடலில், மனநலம் பாதிக்கப்பட்ட தமிழ் இளைஞர் ஒருவர் கரையேற விடாமல் தடிகளால் அடிக்கப்பட்டு மூழ்கி இறந்தார். அதைத் தொலைக்காட்சியில் பார்த்த வெள்ளவத்தைக்காரர்கள் இன்னும் மறக்கவில்லை. இறந்ததால் அது செய்தியாயிற்று. வீட்டுத் தொட்டியிலோ வாளியிலோ கடலிலோ காவலிலோ தலை அமுக்கப்பட்டு உயிர் தப்புகிறவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஆனால் அவர்களும் இருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் பத்தாவது பதிப்பில் இப்படியான தாக்குதலுக்கென்றே எக்ஸ்92 என்று ஒரு குறியீடு உண்டு.

தப்பியவரைச் சுற்றி முதலில் எழும் பேச்சு, "மூச்சு வந்திட்டுது, இனிப் பயமில்லை" என்பது. ஆனால் உள்ளே போன தண்ணீர் கொஞ்சமாக இருந்தாலும், நுரையீரலின் காற்றறைகளை ஒட்டிப்போகாமல் வைத்திருக்கும் மெல்லிய படலத்தை அது கெடுத்துவிடும். மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்தும் வரலாம். அதனால்தான் 6 முதல் 8 மணி நேரம் வைத்தியசாலையில் வைத்துப் பார்க்கிறார்கள். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது வேண்டவே வேண்டாம். வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும்.

இதற்கு நேர்மாறான பயமும் வட்ஸ்அப்பில் சுற்றுகிறது: நன்றாக இருந்த பிள்ளை ஒரு வாரம் கழித்து "உலர் மூழ்கல்" காரணமாக இறந்துவிட்டதாம். அந்தச் சொல்லைக் கைவிடும்படி மூழ்கல் பற்றி 2002இல் அம்ஸ்டர்டாமில் கூடிய உலக மாநாடே சொல்லிவிட்டது. நாட்கணக்கில் இருமலும் இளைப்பும் இல்லாமல் இருந்தவருக்குத் திடீரென்று ஏதாவது நேர்ந்தால், வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

என் பார்வையில் மிகவும் கெடுதலான நம்பிக்கை மூன்றாவதுதான்: "குளியலறையில வழுக்கி விழுந்திட்டா எண்டு சொல்லுவம், மருந்து ஒண்டுதானே." இல்லை, ஒன்றல்ல. விழுந்தவரின் கழுத்தை யாரும் பிடித்திருக்கமாட்டார்கள். அமுக்கப்பட்டவரின் கழுத்திலும் பிடரியிலும் கை இருந்திருக்கும். குரல் கரகரத்தல், விழுங்கும்போது வலி, கழுத்து வலி எல்லாம் உட்காயத்தின் அடையாளங்கள். மூளைக்குப் போகும் இரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்திருந்தால், சில நாட்கள் கழித்துக்கூடப் பக்கவாதம் வரலாம். "வழுக்கி விழுந்தவ" என்று கேட்ட டொக்டருக்குக் கழுத்தை ஸ்கேன் செய்ய வேண்டும் என்று ஏன் தோன்றப்போகிறது?

இதில் கொழும்புக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. டொக்டர் சிங்களத்தில் கேட்பார், அமுக்கப்பட்ட தமிழ்ப் பெண்ணுக்கு விளங்காது, பக்கத்தில் நிற்கும் கணவர் மொழிபெயர்ப்பார். அமுக்கியவனே வாக்குமூலம் கொடுத்தால் உண்மை எப்படி வெளியே வரும்? கொட்டாஞ்சேனைத் தோட்டக் குடியிருப்புகளில் சத்தம் கேட்காத சுவர் இல்லை, கேட்டதைச் சொல்லும் வாய்தான் இல்லை. ஆகவே கூடப் போகிறவர் தமிழ் தெரிந்த தாதி ஒருவரைக் கேட்டு வாங்கி, கணவரை வெளியே நிறுத்த வேண்டும். பல அரச வைத்தியசாலைகளில் வீட்டு வன்முறைக்கு ஆளானவர்களுக்கென்றே 'நட்பு நிலையம்' இருக்கிறது. சிங்களத்தில் 'மிதுரு பியச'.

"பொலிஸ் என்ட்றி இல்லாம பார்க்கமாட்டினம்" என்பதும் பொய். சிகிச்சை முறைப்பாட்டுக்காகக் காத்திருப்பதில்லை. பெரிய அரச வைத்தியசாலைகளுக்குள்ளேயே பொலிஸ் காவலரண் இருக்கிறது. அதன்வழி சட்ட மருத்துவப் பரிசோதனைப் படிவம் வந்து, சட்ட வைத்திய அதிகாரி காயங்களைப் பதிவுசெய்வார். கன்றல் சில நாட்களில் மறைந்துவிடும், ஆகவே இதைத் தள்ளிப்போடக்கூடாது. செய்தவர்கள் பொலிஸாரே என்றால், அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதமே அவகாசம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது.

வைத்தியசாலையில் துண்டு வெட்டி வீட்டுக்கு வந்த பிறகும் கவனம் தேவை. வெள்ளவத்தைக் கால்வாய் போன்ற அழுக்கு நீரில் அமுக்கப்பட்டவருக்கு இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், பனடோல் போட்டுப் படுக்க வைக்காமல் எலிக்காய்ச்சலுக்கும் மெலியோய்டோசிஸுக்கும் சோதிக்க வேண்டும். அந்த நீர் வாய்க்குள் போனதை டொக்டரிடம் நாமாகவே சொல்ல வேண்டும். எல்லாருக்கும் முன்கூட்டியே அன்டிபயோட்டிக் கொடுப்பதில்லை.

மூளைக்குக் கொஞ்ச நேரம் ஒட்சிசன் குறைந்திருந்தாலும் மறதி, எரிச்சல், பிள்ளைகளின் படிப்பில் சறுக்கல் என்று பிறகு தெரியவரலாம். இதற்கு நரம்பியல் கிளினிக் இருக்கிறது. முகத்தில் தண்ணீர் பட்டாலே மூச்சு முட்டுவதும், குளிக்கப் பயப்படுவதும், இரவில் திடுக்கிட்டு எழுவதும் "நாள் போகப் போகச் சரியாகும்" என்று விட்டுவிடும் விஷயங்கள் அல்ல. ஒரு மாதம் தாண்டியும் இவை தொடர்ந்தால் மனநல வைத்தியரைப் பார்க்க வேண்டும். எங்கே போவதென்று தெரியாவிட்டால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926ஐ அழைக்கலாம்.