சிவாஜி எந்த நூலகத்துக்குப் போனார்?

சினிமா வாய்ப்புத் தேடி வடபழனியிலும் சாலிகிராமத்திலும் அறை எடுத்துத் தங்கியிருக்கும் தம்பிகளிடம் "கிளை நூலகத்தில் உறுப்பினராகுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். "சிவாஜி எந்த லைப்ரரிக்குப் போயி நடிப்பு கத்துக்கிட்டாரு சார்?" என்று பதில் வரும். மேடை நடிகர்களுக்கு வசன உச்சரிப்புப் பயிற்சி கொடுக்கும் என் காதில் இது விழாத மாதமில்லை. இப்படிக் கேட்பவர், கடன் வாங்கி மூன்று மாத நடிப்புப் பயிற்சிக்குப் பணம் கட்டத் தயங்கமாட்டார். புத்தகம் என்றதும்தான் நடிப்பு 'ரத்தத்துல வரவேண்டியது' ஆகிவிடும்.

சரி, சிவாஜியையே எடுத்துக்கொள்வோம். கணேசனுக்கு 'சிவாஜி' எங்கிருந்து வந்தது? அண்ணா எழுதிய 'சிவாஜி கண்ட இந்து சாம்ராஜ்யம்' நாடகத்தில் மராட்டிய மன்னராக அவர் நடித்ததைப் பார்த்துப் பெரியார் சூட்டிய பெயர் அது. பக்கம் பக்கமாக எழுதிவைத்த வசனம். அந்த நாடகம் அச்சில் வந்திருக்கிறது. அவர் பெயரைச் சொல்லிப் படிப்பைக் கேலி செய்பவர்களில் எத்தனை பேர் அதைப் புரட்டியிருக்கிறார்கள்?

அதற்கும் முன்பே அவர் சிறுவனாக நாடகக் கம்பெனியில் சேர்ந்துவிட்டார். பாய்ஸ் கம்பெனி என்றால் விளையாட்டில்லை. வாத்தியார் வரி வரியாகப் பாடம் ஏற்றுவார். பிள்ளைகள் நெட்டுருப் போட்டு ஒப்பிக்க வேண்டும். 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் டி.கே.எஸ். சகோதரர்கள் வளர்ந்ததும் அப்படித்தான். அவர்களில் ஒருவரான அவ்வை டி.கே. சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை' அந்த உலகத்தைக் காட்டுகிறது. சோறு போட்டுப் பாடம் சொன்ன அந்தக் கம்பெனிகள் இன்று இல்லை. மிச்சமிருப்பதெல்லாம் இதுபோன்ற புத்தகங்களும், பம்மல் சம்பந்த முதலியாரின் 'நாடக மேடை நினைவுக'ளும், அந்தக் கால நாடகங்களின் பிரதிகளும்தான். அவையும் வேண்டாமென்றால் வேறு எதைக் கொண்டு பழகுவதாக உத்தேசம்?

"விஜய் சேதுபதி கூத்துப்பட்டறையில கணக்குதானே எழுதினாரு?" என்று அடுத்த கணை வரும். உண்மை. அந்தப் பட்டறையை 1977இல் தொடங்கிய ந. முத்துசாமி யார்? சிறுகதை எழுத்தாளராக இருந்து நாடகத்துக்கு வந்தவர். எழுத்தாளர் வளர்த்த இடத்தில் உட்கார்ந்து கவனித்தவரைத்தான் படிப்பு வேண்டாம் என்பதற்குச் சாட்சியாக இழுக்கிறோம்.

புத்தகம் படித்தால் மட்டும் நடிப்பு வந்துவிடாது. நானும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் ஆடிஷனில் பத்தில் எட்டுப் பேர் 'பராசக்தி' நீதிமன்றக் காட்சியையே, அதுவும் சிவாஜி குரலிலேயே பேசிக் காட்டினால், பார்ப்பவருக்கு உங்கள் முகமா நினைவிருக்கும்? இந்திரா பார்த்தசாரதியின் 'ஔரங்கசீப்' இருக்கிறது. ஷாஜகான், தாரா, ஜஹனாரா என்று ஒவ்வொருவருக்கும் வாய்நிறையப் பேச்சு. யார் குரலையும் நகலெடுக்க முடியாது, நீங்களே கண்டுபிடித்தாக வேண்டும்.

வட்டார வழக்கும் அப்படித்தான். நெல்லைத் தமிழ் கேட்டால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு 'ஏலே' ஒட்டிவிட்டு நிற்கிறார்கள். (நெல்லைக்காரர்கள் பொறுமைசாலிகள்.) கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்துக்கும், பெருமாள்முருகன் கொங்கு வட்டாரத்துக்கும் சொல்லகராதியே தொகுத்திருக்கிறார்கள். கொங்குப் பேச்சு ஓடும் விதத்துக்கு ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்', குமரிக் கடலோரத்துக்குத் தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'. 'அசுரன்' பார்த்துவிட்டுப் பூமணியின் 'வெக்கை'யைப் படியுங்கள். நாவலில் இருந்தது எது, திரைக்காக மாறியது எது என்று குறித்துக்கொண்டே போனால், அதற்கு நிகரான பயிற்சி வகுப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

மற்றச் சாக்குகளுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். 'லைப்ரரி டிஎன்பிஎஸ்சி பசங்களுக்கு': கூட்டம் அவர்களுடையது, அலமாரி எல்லோருக்கும். 'சென்னையில இருந்தாதான்': மாவட்ட மைய நூலகங்கள் எதற்கு இருக்கின்றன? மதுரையில் 2023 முதல் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இருக்கிறது. 'பழைய நாடகமெல்லாம் கிடைக்காது': 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் புத்தகங்களில் ஒரு பிரதி எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போக வேண்டும். அங்கே தேடாமல் கிடைக்காது என்று சொல்லாதீர்கள். 'செலவாகும்': உறுப்பினராகச் சிறு காப்புத்தொகை, அவ்வளவே. சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி. உங்கள் வீட்டுக்காரர் அதையும் சேர்த்துத்தான் வாடகை கணக்குப் போட்டிருப்பார். ஆக, பாதிப் பணம் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது.

நூலகத்தில் குறைகள் இரண்டு நிஜமாகவே உண்டு, அவற்றைப் பேசுவாரில்லை. நாடகத்தை வாய்விட்டுப் படிக்க வேண்டும். நூலகத்தில் வாயைத் திறந்தால் நூலகர் முறைப்பார். இன்னொன்று, நூல்களை வகைப்படுத்தும் டியூவி பகுப்பில் தமிழ் நாடகத்துக்கு 894.8112 என்று தனி எண்ணே இருக்க, பல கிளைகளில் நாடகங்கள் நாவல்களுக்கு நடுவே சிக்கிக் கிடக்கின்றன. எனக்கு வேண்டியது இரண்டு: நாடகத்துக்குத் தனி அடுக்கு, வாரத்தில் ஒரு மாலை கதவைச் சாத்திக்கொண்டு உரக்கப் படிக்க ஓர் அறை. பல கிளை நூலகங்களில் வாசகர் வட்டம் இருக்கிறது. நான்கு பேராகப் போய் அதில் சேருங்கள். பாத்திரம் பிரித்துப் படிக்கும் கூட்டம் ஒன்றை நீங்களே முன்மொழியுங்கள். மறுத்தால் மாவட்ட நூலக அலுவலருக்கு மனு எழுதுங்கள், நகல் ஒன்று கையில் இருக்கட்டும்.