பல்லுக்கு ஒரு வேர்

எங்கள் மையத்தில் ஒரு அக்கா படிக்கிறார். அவருக்கு முன்பல் இரண்டு இல்லை. 'தம்பி' என்று என்னைக் கூப்பிட்டால் பாதி காற்றுத்தான் வரும். வாயை மூடிக்கொண்டே வாசிப்பார்.

சந்தையில் தரையில் கடை விரித்துப் பல் கட்டுகிறார்களே, அங்கே கிளம்பினார். நான் தடுத்தேன். அவர்கள் பொய்ப்பல்லைப் பக்கத்துப் பல்லோடு ஒட்டிவிடுவார்கள். கழற்றிக் கழுவ முடியாது. ஈறு புண்ணாகும். நல்ல பல்லும் ஆடத் தொடங்கும்.

இருவரும் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். டாக்டர் இம்பிளான்ட் பற்றிச் சொன்னார். தாடை எலும்பில் டைட்டானியம் என்ற உலோகத்தில் செய்த சிறு திருகாணியை வைப்பார்கள். அதுதான் வேர். எலும்பு அதை இறுகப் பிடிக்க 3 முதல் 6 மாதம் ஆகலாம். பிறகு அதன்மேல் பல் பொருத்துவார்கள். ஸ்வீடன் நாட்டு மருத்துவர் பிரோனமார்க் 1965இல் ஒருவருக்கு இப்படி வைத்தார். அவர் 2006இல் இறக்கும்வரை அந்த வேர்கள் உழைத்தன.

"சர்க்கரை இருக்கா? புகையிலை போடுவீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார். அக்கா சுருக்குப்பையை மறைத்தார். புகையிலை போட்டால் புண் ஆறத் தாமதமாகும். எலும்பு திருகாணியைப் பிடிக்காமலும் போகலாம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டாலும் அப்படித்தான்.

செலவும் பல ஆயிரம். "இப்போதைக்குக் கழற்றி மாட்டும் பல் போதும் தம்பி" என்றார் அக்கா. எனக்கும் அதுவே சரி என்று பட்டது. வாய் சுத்தமாக இருந்தால் அதுவும் நல்ல பல்தான்.

இரவில் அதைக் கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். முதல் நாள் டம்ளரில் பல்லைப் பார்த்துப் பேரன் அலறிவிட்டானாம். இப்போது மூடி போட்ட டப்பா வாங்கிவிட்டார்.