ரைஸ் குக்கரில் சோறு பதமாக வர

ஒற்றை சுவிட்ச் கொண்ட சாதாரண ரைஸ் குக்கரின் சூட்டுத் தட்டு நடுவில், வெப்பத்தை உணரும் சிறு குமிழ் ஒன்று இருக்கிறது. பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். தண்ணீர் வற்றியதும் அடிப்பகுதி அதைத் தாண்டிச் சூடேற, சுவிட்ச் ‘டக்’கென்று மேலே எழும். ஆகவே சோற்றின் பதம் பெரும்பாலும் ஊற்றும் தண்ணீரின் அளவில்தான் இருக்கிறது.

பச்சரிசிக்கு ஒன்றுக்கு இரண்டு, பொன்னிப் புழுங்கலுக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு தண்ணீர் என்று தொடங்கலாம். பழைய அரிசி கூடுதலாகக் குடிக்கும். புதுநெல் அரிசிக்குச் சற்றுக் குறைக்க வேண்டும். கழுவிய தண்ணீர் ஓரளவு தெளியும்வரை களைந்து, அரை மணி நேரம் ஊறவிட்டால் பருக்கையின் நடுப்பகுதி வேகாமல் நிற்காது. பொங்கி வழிந்தால் அரிசியின் அளவைக் குறைப்பதே சரியான வழி. ஒரு சொட்டு எண்ணெயும் நுரையை அடக்கும்.

பாத்திரத்தின் வெளிப்புறத்தை ஈரம் போகத் துடைத்தே உள்ளே வைக்க வேண்டும். தட்டில் ஒரே ஒரு பருக்கை ஒட்டியிருந்தாலும் பாத்திரம் சரியாகப் படியாது. ஒரு பக்கம் தீயும், மறுபக்கம் வேகாது.

சுவிட்ச் எழுந்தவுடன் மூடியைத் திறப்பதுதான் பலரும் செய்யும் தவறு. 10 நிமிடம் புழுங்கவிட்டு, மரக்கரண்டியால் அடியிலிருந்து மெல்லக் கிளறினால் பருக்கை உடையாது. அடி பிடித்துவிட்டால் சுரண்டாமல் வெந்நீர் ஊற்றி ஊறவைக்கலாம்.