ஹேண்டில்பாரில் எதை மாட்டுவது?

பைக்கில் வழி பார்க்கக் கருவி தேடுபவர்கள் முதலில் கேட்பது, 'மழை தாங்குமா?' என்பதுதான். கார்மின் சூமோ, டாம்டாம் ரைடர் போல பைக்குக்கென்றே வந்த கருவிகள் ஐபிஎக்ஸ்7 தரத்தவை. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் கிடந்தாலும் தாங்கும். நல்ல போன்கள் பலவும் அதே அளவு தாங்கும். ஆகவே மழையை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. பார்க்க வேண்டியது அதிர்வை. அதிக சக்தியுள்ள பைக் எஞ்சின்களின் அதிர்வு ஐபோன் கேமராவைக் கெடுக்கலாம் என்று 2021 செப்டம்பரில் ஆப்பிளே எச்சரித்தது. கை நடுக்கத்தை ஈடுகட்ட, கேமரா லென்ஸ் காந்த விசையால் நுணுக்கமாக அசையும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. மணிக்கணக்கில் ஹேண்டில்பார் வழியாக ஏறும் அதிர்வு அந்த நுணுக்கத்தைத்தான் தாக்குகிறது. சூமோவில் கெடுவதற்குக் கேமராவே இல்லை. சார்ஜ் ஏறும் விதமும் வேறு. போனில் செருகிய வயர் ஆடி ஆடித் துளையைத் தேய்க்கும். ஈரமான துளையில் சார்ஜ் ஏற்றினால் உள்ளே அரிப்பும் பிடிக்கும். சூமோ, வண்டி பேட்டரியோடு இணைத்த மவுண்டில் உட்கார்ந்து, அதன் தொடுமுனைகள் வழியாகவே மின்சாரம் பெறுகிறது. வெயிலும் போனுக்கு ஆகாது. ஐபோனுக்கு ஆப்பிள் சொல்லும் சூழல் வெப்ப வரம்பு 35 டிகிரி. நம் சித்திரை வெயில் அதைச் சாதாரணமாகத் தாண்டும். சூடேறிய போன் தன்னைக் காத்துக்கொள்ளத் திரையை மங்கவைக்கும்.

'டெலிவரி செய்பவர்கள் நாளெல்லாம் போனை மாட்டித்தானே ஓட்டுகிறார்கள்?' என்று கேட்கலாம். அவர்களில் பலர் ஓட்டுவது சிறிய எஞ்சின் ஸ்கூட்டர். அதற்குக்கூட அதிர்வு தணிக்கும் மவுண்ட் வேண்டும் என்கிறது அதே எச்சரிக்கை. பாதிப்பும் ஒரே நாளில் தெரியாது. படங்கள் மங்கத் தொடங்கும்போதுதான் தெரியும். விலையைப் பற்றிய தயக்கம் இதைவிட நியாயமானது. ஊருக்குள் மட்டும் ஓட்டுபவர் தனிக் கருவிக்குப் பணம் போட வேண்டியதில்லை. லென்ஸ் அசையாத பழைய போன் ஒன்று அவருக்குப் போதும். போனைச் சட்டைப்பையில் வைத்து, ஹெல்மெட்டில் பொருத்திய ஸ்பீக்கரில் வழி கேட்பது இன்னும் நல்லது. ராயல் என்ஃபீல்டு 2020இல் மீட்டியார் 350இல் கொண்டுவந்த ட்ரிப்பர் இதே வழிதான்: வண்டியில் திருப்பம் காட்டும் சிறு வட்டத் திரை மட்டும், போன் பையில். மாதத்தில் பல நாள் நெடும்பயணம் போகிறவருக்குத் தனிக் கருவியே சரி. மலிவு என்று காருக்கான கருவியை வாங்கிவிடாதீர்கள். அது மழைக்கென்று செய்யப்பட்டதல்ல. வாங்கும்போது, வண்டி பேட்டரியோடு இணைக்கும் மவுண்டும் வயரும் பெட்டியிலேயே இருக்கின்றனவா என்று கேளுங்கள்.