‘ஹோம் ஒர்க்கர்’ என்றால் யார்?



ஒரு குழுக் கூட்டத்தில் உறுப்பினர்களிடம், “நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க?” என்று ஒவ்வொருவராகக் கேட்டோம். ஒரு அக்கா சொன்னார்: “வேலைக்கெல்லாம் போகல. வீட்லதான் சும்மா இருக்கேன்.” சொல்லும்போதே அவர் மடியில் முறம், முறத்தில் பீடி இலை. பேசப் பேச கை சுற்றிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் இருந்தவர், “சும்மா இருக்கிறவ கையைப் பாருங்க!” என்றதும் எல்லோரும் சிரித்துவிட்டோம்.

யோசித்துப் பார்த்தால் இது சிரிக்கிற விஷயம் இல்லை. நம்மை நாமே தொழிலாளி என்று சொல்லாவிட்டால், கணக்கெடுக்க வருபவர் ‘வேலை இல்லை’ என்றுதானே எழுதுவார்? அதனால் இந்த இதழில் ஒரு ஆங்கில வார்த்தையைப் படிப்போம்.

வார்த்தையின் பொருள்

‘ஹோம்’ என்றால் வீடு. ‘ஒர்க்கர்’ என்றால் தொழிலாளி. முதலாளி அல்லது ஏஜெண்ட் சொல்கிறபடி, கூலிக்கு, தன் வீட்டில் இருந்தே பொருள் செய்து கொடுப்பவர்தான் ஹோம் ஒர்க்கர். பீடி சுற்றுதல், ஊதுபத்தி உருட்டுதல், பனியனில் பிசிறு வெட்டுதல், ஆம்பூர் பக்கம் ஷூவுக்குக் கையால் தைத்தல் எல்லாம் இதில் அடங்கும்.

இதோடு குழப்பிக்கொள்ளும் வார்த்தைகள் மூன்று:

1. ஹோம் ஒர்க்: பிள்ளைகள் எழுதும் பள்ளிக்கூடப் பாடம்.

2. டொமஸ்டிக் ஒர்க்கர்: அடுத்தவர் வீட்டில் சமையல், துப்புரவு செய்பவர்.

3. ஒர்க் ஃப்ரம் ஹோம்: கம்பெனி ஊழியர் சம்பளத்தோடு வீட்டில் இருந்து வேலை பார்ப்பது. 2020 கொரோனா காலத்தில் எல்லோரும் கேட்ட வார்த்தை.

சரி, வீட்டில் அப்பளம் போட்டு நாமே விற்கிறோமே, அது? அது சுயதொழில். வித்தியாசம் தெரிய ஒரே கேள்வி போதும்: விலையை யார் வைப்பது? நாம் வைத்தால் சுயதொழில். ஏஜெண்ட் ‘பீஸுக்கு இவ்வளவு’ என்று வைத்தால் நாம் ஹோம் ஒர்க்கர். இந்த இரண்டு பேரையும் சேர்த்து ‘ஹோம் பேஸ்டு ஒர்க்கர்’ என்று பொதுவாகச் சொல்வதும் உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

1996-ல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு, வீட்டில் இருந்து வேலை செய்பவர்களுக்காகத் தனியாக 177-வது உடன்படிக்கையை நிறைவேற்றியது. மற்ற தொழிலாளிக்குள்ள கூலி, சங்கம் சேரும் உரிமை, மகப்பேறு பாதுகாப்பு இவர்களுக்கும் வேண்டும் என்பது அதன் சாரம். இதற்காகப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர்கள் நம் நாட்டுப் பெண்கள்தான். 1972-ல் அகமதாபாத்தில் இலா பட் அவர்கள் தொடங்கிய ‘சேவா’ சங்கம் இதற்காகக் குரல் கொடுத்தது. ஆனாலும் இந்தியா இந்த உடன்படிக்கையை இன்னும் ஏற்று உறுதி செய்யவில்லை.

நம் நாட்டில், 2020-ல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இந்தத் தொழிலாளிக்கு விளக்கம் இருக்கிறது. கச்சாப்பொருளை முதலாளி கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் நாம் தொழிலாளியே.

கூலியைக் கணக்குப் போடுவோம்

உதாரணத்துக்கு, ஒரு பீஸுக்கு 1 ரூபாய் 50 காசு. ஒரு நாளில் 100 பீஸ், 8 மணி நேரம். கைக்கு வருவது 150 ரூபாய். நூல் 10, கரண்ட் 8, சரக்கு எடுத்துவர பஸ் 12, ஆக 30 ரூபாய் போனால் மிச்சம் 120. மணிக்கு 15 ரூபாய்தான்! இடமும் கரண்டும் நம்முடையது. அதற்கும் சேர்த்துத்தான் கூலி கேட்க வேண்டும். தனியாகக் கேட்டால், “இஷ்டம் இருந்தா செய்யுங்க” என்பார்கள். குழுவாகக் கேட்டுப் பாருங்க.

நாம் செய்ய வேண்டியது

* சரக்கு வாங்கியது, கொடுத்தது, கழித்தது, கூலி எல்லாவற்றையும் தேதி போட்டு நோட்டில் எழுதி வையுங்க. இதுதான் நம் சாட்சி.

* பீடி சுற்றும் சகோதரிகள் பலர் அடுத்தவர் பெயர் பாஸ்புக்கில் சுற்றுகிறார்கள். உழைப்பு நம்முடையது, பி.எஃப். இன்னொருவருக்கு! நம் பெயரில் பாஸ்புக் கேட்போம்.

* பி.எஃப்., இ.எஸ்.ஐ. இல்லாத, வருமான வரி கட்டாத 16 முதல் 59 வயது வரை உள்ளவர்கள் இ-ஷ்ரம் பதிவு செய்யலாம். ஆதாரும் வங்கிக் கணக்கும் தேவை.

* தையல், கைவினை, காலணித் தொழில் செய்பவர்களுக்குத் தமிழக அரசின் நலவாரியங்கள் உண்டு. மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்தில் விசாரியுங்க.

குழுவில் பேசுவதற்கு

1. நம் குழுவில் ‘சும்மா இருக்கிறவர்கள்’ எத்தனை பேர்? அவர்கள் கை என்ன செய்கிறது?

2. நமக்கு மணிக்கு எவ்வளவு கூலி விழுகிறது?

இனி யாராவது கேட்டால், “சும்மா இருக்கேன்” என்று சொல்ல வேண்டாம். “வீட்டில் இருந்து வேலை செய்கிற தொழிலாளி நான்” என்று நிமிர்ந்து சொல்வோம். கணக்கெடுப்பவர் முன்னால் அதையே எழுதச் சொல்வோம்.