இளையான்குடி மாற நாயனார் இல்லறம்

திருத்தொண்டத்தொகையின் முதல் திருப்பாட்டிலேயே வைத்து வணங்கப்பெற்ற அடியார்களுள் இளையான்குடி மாறனார் ஒருவர். சுந்தரமூர்த்தி சுவாமிகள் ஆண்டு அவர் திருப்பெயரை மாத்திரம் எடுத்தோதினார்கள். நம்பியாண்டார் நம்பிகள் தம் திருவந்தாதியில் ஒரு பாட்டால் அவர் செயலைச் சுருங்கக் கூறினார்கள். இரண்டாங் குலோத்துங்க சோழன் (கி. பி. 1133–1150) காலத்தவராகிய சேக்கிழார் சுவாமிகளே அதனை 27 திருவிருத்தங்களாக விரித்து, ஓர் உழவர் இல்லத்தின் அகத்தை நாம் காணுமாறு செய்தனர். அவ்வில்லத்தைப் பற்றிச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

நாயனாருடைய பதி, இஞ்ஞான்று சிவகங்கை மாவட்டத்தில் பரமக்குடிக்கு வடக்கே உள்ள இளையான்குடி எனக் கொண்டு வழிபடுவர். கண்மாய் நீரையும் பருவமழையையும் நோக்கி உழும் நாடு அது. வேளாண் குலத்தவராகிய நாயனார் ஏரின் வருவாயாற் செல்வம் மிக்கிருந்தார். வரும் அடியார் யாவராயினும் எதிர்கொண்டு, அடி விளக்கி, ஆசனத்திருத்தி, அறுசுவை அமுதூட்டுதல் அவர்தம் நாட்கடன். செல்வம் உள்ள காலத்துக் கொடுத்தல் பலர்க்கும் இயல்வதே. அது சுருங்கிய காலத்தும் இவர் கொடுப்பார் என்பதை உலகம் அறியும்பொருட்டு, இறைவன் அச்செல்வத்தை மெல்ல மறைத்தருளினன். நிலங்கள் விலைபோயின, கடன் மிகுந்தது, தம்மையே விற்றுத் தீர்க்கவேண்டும் அளவுக்கு அது வளர்ந்தது. நாயனார் மனம் மட்டும் சுருங்கிற்றில்லை. இருவினையொப்பு என்று நூல்களில் நாம் பயிலும் நிலைக்கு உலகியலில் ஓர் எடுத்துக்காட்டு வேண்டுவோர் இவரை நோக்குக.

இனி, இச்சரிதத்தைப் பயில்வோர் உள்ளத்து ஓர் ஐயம் எழும். இல்லறத்தான் தன்னைச் சார்ந்தோரைப் பசித்திருக்க விட்டு விருந்தோம்புதல் அறமாமோ? மனையாளைக் காத்தலும் அவன் கடனன்றோ? இவ்வையத்தை எளிதிற் புறக்கணித்தல் தகாது. தன் பெயர் விளங்கும்பொருட்டு மனைமக்களை வருத்திப் பிறர்க்கு வழங்குவோர் எக்காலத்தும் உளர். நாயனார் சரிதம் அவர்க்கு அரணாகாது. அதனை, அந்த மழையிரவில் அவ்வில்லத்தில் நிகழ்ந்த உரையாடலே தெளிவிக்கின்றது.

மாரிக்காலத்து இரவு. பகல் முழுதும் உணவின்றி, கதவையடைத்து, கணவன் மனைவியர் இருவரும் உறங்காதிருந்தனர். நள்ளிரவில் மழையில் நனைந்த மேனியோடு ஓர் அடியார் வந்து நின்றார். நாயனார் அவரை உள்ளே அழைத்து, ஈரம் போக்கி, இருக்க இடங்கொடுத்தார். பின்னர்த் தம் துணைவியாரிடஞ் சென்று, இவர்க்கு அமுதளித்தற்கு யாது செய்வோம் என வினவினார். அம்மையார் மறுமொழி இல்லத்தின் கணக்கை முற்றும் அறிந்தவருடைய மறுமொழி. வீட்டில் ஒன்றுமில்லை, அயலார் இனிக் கொடார், பொழுதும் நெடிது கழிந்தது, இனிச் சென்று கேட்டற்கும் இடமில்லை, இன்று பகலில் வயலில் விதைத்த நெல் முளையை வாரிக்கொண்டு வந்தால் இயன்றவாறு அமுதாக்கலாம், இதுவன்றி வேறு வழி அறியேன் என்று அவர் வருந்தினார்.

இங்கு நாம் நின்று நோக்கற்பாலது, இவ்வழியைக் கண்டவர் அம்மையார் என்பதே. நம்பிகள் அந்தாதியில் முளை வாரியதும், மனையின் அலகு விறகானதும், பயிர் கறியானதும் உள. அம்மையாரின் இவ்வுரை விளங்குவது சேக்கிழார் வாக்கிலே. நாயனார் கட்டளையிடவில்லை, வினவினார். அம்மையாரும் அடங்கியிருந்து இசைந்தவரல்லர். தாமே வழி கூறினார். இதற்கு முன்னுள்ள இயற்பகை நாயனார் புராணத்திற் கணவர் மனைவியாரைக் கொடுக்கின்றார். இப்புராணத்தில் மனைவியாரும் கணவரோடு ஒப்பக் கொடுக்கின்றார். பசித்திருந்தவர் இருவர், கொடுக்கத் துணிந்தவரும் அவ்விருவரே. மக்கள் இருந்தனர் என்று புராணம் கூறவில்லை. ஆகலின் தம் பசியையன்றிப் பிறர் பசியை அவர்கள் விருந்தாக்கினார்களல்லர்.

இனி, விதைத்த முளையை வாரினார் என்பதன் அருமை உழவறிந்தார்க்கே முற்றும் புலனாகும். விதைநெல்லை உழவர் வேறாகக் கோட்டை கட்டி வைப்பர்; வறுமையிலும் அதனை உண்ணத் துணியார். அதனை உண்டல் வரும் ஆண்டை உண்டலாம். சேற்றில் விதைத்தற்கு அந்நெல்லை நீரில் ஊறவைத்து, வடித்து, மூட்டங்கட்டி, முளையரும்பிய பின்னர் மட்டஞ்செய்த நிலத்தில் தெளிப்பர். வேர் ஊன்றுமுன் பெருமழை பெய்தால் முளைகள் பெயர்ந்து மிதந்து ஒருபுறம் ஒதுங்கும். அன்றிரவு நாயனார் கண்டதும் இதுவே. நிலமெல்லாம் விற்றபின் எஞ்சிய சிறு வயல், அதிலிட்ட விதை, அவ்விதையே இனி அவர்க்கிருந்த செல்வம்.

மழை அம்முளைகளை முன்னரே பெயர்த்துவிட்டதாகலின், வாரினும் வாராதொழியினும் இழப்பு ஒன்றே எனச் சிலர் கருதலாம். அது பொருந்தாது. விடிந்தபின் மடை திறந்து நீரை வடித்து, ஒதுங்கிய முளைகளை மீளப் பரப்பினால் ஒரு பகுதியேனும் உயிர்பிழைக்கும். உழவர் எந்நாளும் செய்வது அதுவே. அந்த நம்பிக்கையையும் சேர்த்தே நாயனார் இறைகூடையில் வாரினார். இருளிற் கண் தெரியாமையால் காலாற் றடவி வழியறிந்து வயலுக்குச் சென்று, கையால் முளைகளைத் திரட்டி, கூடை நிறையத் தலைமேற் சுமந்து மீண்டார்.

விருந்தோம்பல் அதிகாரத்திற் பொய்யாமொழியார், விருந்தினரை உண்பித்து எஞ்சியதை உண்பவன் நிலத்திற்கு வித்தும் இடவேண்டுமோ என்னும் பொருள்படக் கூறினார். அங்கே வித்திடாமலே விளையும் என்பது குறிப்பு. ஈண்டு நாயனார் இட்ட வித்தையும் திரும்ப எடுக்கின்றார். இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்து எண்ணுதல் இன்பந் தரும். சேக்கிழார் திருவுள்ளத்தில் அக்குறள் நின்றிருக்கும் என்றே நாம் கருதுகின்றோம்.

வாயிலில் நின்று கூடையை ஏற்ற அம்மையார் முளையிற் படிந்த சேற்றை நீரால் அலம்பினார். அடுப்பெரிக்க விறகில்லை. நாயனார் கூரையின் அலகை அறுத்து வீழ்த்தினார். நெற்போனபின் வீடும் சிறிது போயிற்று. ஈரநெல்லைக் குற்றினால் அரிசி நசுங்கிப்போம். ஆகலின் அம்மையார் முன்னர் வறுத்து ஈரம் புலர்த்திப் பின்னரே குற்றினார். சேக்கிழார் இதனையும் விடாது கூறினமை, அவர் அடுக்களையையும் அறிந்த புலவர் என்பதைக் காட்டும். கறிக்கு என் செய்வது? கொல்லையிற் குழி நிரம்பாத இளம்பயிரை நாயனார் பறித்துக்கொடுக்க, அம்மையார் அவ்வொன்றையே தம் கைவன்மையாற் பலவகைக் கறியாக்கினார். வறியவர் வீட்டிற் சமைத்தார்க்கன்றி இவ்வன்மை எளிதில் வாயாது.

சிவஞான சித்தியாரில் மும்மலங்கட்கு நெல்லின் முளையும் தவிடும் உமியும் உவமையாயினமை நம் அன்பர்கள் அறிவார்கள். அவ்வுவமையை இங்கே கொணர்ந்து, முளை நெல் குற்றப்பட்டமையை மலநீக்கமாக உரைக்க மனம் விழையும். நாம் அதனை வற்புறுத்தேம். குற்றிய கை நோவும் எரிந்த கூரையும் தத்துவமாய்க் கரைந்துபோமாறு உரைத்தல் நாயனார்க்குச் செய்யும் சிறப்பாகாது. இச்சரிதத்தோடு இயைபுடைய சாத்திரப் பொருள், சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரம் அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனெனவே தொழுக என விதித்ததாம். மெய்கண்ட தேவர் அருளிய அவ்விதியை, அதற்கு நெடுங்காலம் முன்னரே ஓர் உழவரும் அவர் மனைவியாரும் தம் வீட்டுத் திண்ணையிலும் அடுப்படியிலும் நடத்திக்காட்டினர். வந்தவர் இறைவன் என்று அவர்கள் அறிந்திலர். திருவேடம் உடையவர் என்பதே அவர்க்குப் போதியதாயிற்று.

அமுது அமைந்தபின் நாயனார் விருந்தினரை எழுப்பி அமுதுசெய்ய வேண்டினார். அவர் சோதியாய் எழுந்தனர். இருவரும் திகைத்து நின்றனர். பின்னர் உமையம்மையாரோடு விடைமேற் காட்சியளித்த பெருமான், மனைவியோடும் தன் உலகை அடைந்து, குபேரன் நிதி ஏந்தி ஏவல் கேட்பப் பேரின்பம் நுகர்க என்று அருளினன். மனைவியோடும் என்ற இவ்வருள்மொழியை, மேலே கூறிய ஐயத்திற்குப் பெருமானே தந்த விடையாகக் கொள்ளலாம்.

ஒன்று இங்கே எஞ்சுகின்றது. அத்துணை வருந்தி ஆக்கிய அமுதைப் பெருமான் உண்டதாகப் புராணம் கூறவில்லை. மற்றோர் உழவராகிய கணமங்கலத்து அரிவாட்டாய நாயனார் சரிதத்திலோ, நிலவெடிப்பிற் சிந்திய மாவடுவை இறைவன் கடிக்கும் ஓசையே கேட்கின்றது. ஆண்டு அடியவர், தம் படையல் ஏற்கப்படாதொழிந்ததோ என்று தம் கழுத்தையே அரியத் தொடங்கினார். அவர்க்கு அவ்வோசை வேண்டியிருந்தது. இளையான்குடியில் அத்தகைய கலக்கம் எழவில்லை. ஆவணி மகத்தன்று நாயனார் குருபூசையில் அடியார்கள் அமர்ந்துண்ணும்போது, அவ்விரவில் உண்ணப்படாது அடுப்பருகே இருந்த அச்சோறும் கறியும் நம் நினைவுக்கு வருகின்றன.