‘எந்த ஊர்?’ – குடிபெயர்ந்தோர் கேண்மை பற்றி

தமிழில் ‘கேள்’ என்பது பெயராகவும் வரும், வினையாகவும் வரும். பெயராய் வருமிடத்து உறவினன், நண்பன் எனப் பொருள்படும். கேளிர், கேண்மை என்பன அதனோடு சேர்ந்த சொற்கள். வினையாய் வருமிடத்து வினவுதல், செவிமடுத்தல் என்னும் இரு பொருளும் தரும். வேர்ச்சொல் ஆராய்ச்சி ஈண்டு நம் நோக்கமன்று. எனினும் உறவுக்கும் வினவுதலுக்கும் ஒரே ஒலியை வைத்துக்கொண்ட மொழி நம்முடையது என்பதை மனத்திற்கொண்டு மேலே செல்வோம்.

இக்கட்டுரைக்குக் காரணமானவர் நம் துறை மாணவர் ஒருவர். சென்ற ஆண்டு முதலாண்டு வகுப்பில் ‘எம் ஊர்’ என்னும் பொருளில் கட்டுரை வரையச் சொன்னோம். கடற்கரைச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் பயிலும் அவர், தம் ஊரைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருந்தார். வலை உலர்த்தும் மணல், பள்ளிவாசல் குளம், மீன் ஏலம் கூறுவோரின் குரல் என யாவும் இருந்தன. இறுதியில் ஒரு வரி: “இங்கு வந்து நாற்பது நாளாயிற்று. இன்னும் ஒருவரும் என்னை எந்த ஊர் என்று கேட்கவில்லை.” பிழை திருத்தும் சிவப்பு மையை அவ்வரியில் வைக்க நமக்கு மனம் வரவில்லை.

திருநெல்வேலிச் சீமையில் இக்குறை சொல்லப்படுவது வியப்புக்குரியது. புதியவரைக் கண்டதும் இங்குள்ளோர் முதலில் கேட்பது பெயரையன்று, ஊரையே. பேருந்தில் பக்கத்தில் அமர்ந்தவர் கேட்பார். தேநீர்க் கடையில் கேட்பார். மருத்துவமனை வரிசையில் நிற்கும் பாட்டியும் கேட்பார். கேட்டபின் அவ்வூரில் தமக்குத் தெரிந்த ஒருவரையாவது நினைவிலிருந்து தேடி எடுக்காமல் விடமாட்டார். நகரத்தார் சிலர் இதனைப் பிறர் வாழ்வில் தலையிடும் நாகரிகமின்மை என்பர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஆனால், இக்கேள்விக்கு இரு முகங்கள் உண்டு என்பதை நம் வாழ்விலேயே கண்டிருக்கிறோம்.

ஏறத்தாழ இருபதாண்டுகளுக்கு முன், பணியின் பொருட்டுக் கடையநல்லூரிலிருந்து திருநெல்வேலி டவுணுக்குக் குடிவர நேர்ந்தது. வாடகை வீடு தேடி அலைந்தோம். ஒரு வீட்டில் எல்லாம் பேசி முடிந்தது. முன்பணம் எவ்வளவு என்பது வரை வந்தபின் வீட்டுக்காரர், “சாருக்குப் பேரு?” என்றார். சொன்னோம். சற்று அமைதி. பிறகு, “நேத்துதான் எங்க சொந்தக்காரங்க கேட்டிருந்தாங்க, மறந்துட்டேன்” என்றார். அடுத்த இரண்டு வீடுகளிலும் ஏறக்குறைய அவ்விடையே கிடைத்தது. அவர்கள்பால் நமக்கு இன்று சினமில்லை. எனினும் அன்று படி இறங்கிய கால்களின் கனம் மறக்கவில்லை. விலக்குவதற்காகக் கேட்கப்படும் கேள்வி விடை வந்த அளவிலேயே முடிந்துபோகிறது. மேற்கொண்டு ஒரு சொல்லும் இராது.

மறு கேள்வியும் அவ்வாரமே வந்தது. நாம் நாள்தோறும் கடந்து செல்லும் பலசரக்குக் கடைக்காரர், “பாய், நிதமும் இந்தப் பக்கமாப் போறிய வாறிய. எந்தூரு உங்களுக்கு?” என்று நிறுத்தினார். கடையநல்லூர் என்றதும் முகம் மலர்ந்தது. “நமக்குக் கிருஷ்ணாபுரம்லா! பக்கத்து ஊருக்காரரு வீடில்லாம அலையலாமா?” என்றவர், நிறுத்துக்கொண்டிருந்த பருப்பை அப்படியே தராசில் விட்டுவிட்டுத் தம் மகனைக் கடையில் அமர்த்தி, நம்மோடு வந்து ஒரு வீட்டைக் காட்டினார். அவரும் பிழைக்க வந்தவரே. வந்து முப்பதாண்டு ஆகியிருந்தது. அவரை நாம் ‘அண்ணாச்சி’ என்றோம். எதிர்வீட்டு அம்மையார் எம் இல்லத்தாரை ‘மதினி’ என்று அழைக்கத் தொடங்க ஒரு நோன்பு மாதம் ஆயிற்று. நோன்புக் கஞ்சி கொண்டு சென்ற தூக்குச்சட்டி வெறுமையாகத் திரும்பியதில்லை. ஒருநாள் முறுக்கு, ஒருநாள் கொல்லையில் பறித்த முருங்கைக்காய் என ஏதேனும் ஒன்று அதிலிருக்கும்.

இனி இலக்கியத்திற்கு வருவோம். குடிபெயர்ந்தோர் நிலையை நவீனத் தமிழில் கூர்மையாகக் கண்டவர் புதுமைப்பித்தன். சொ. விருத்தாசலம் என்னும் இயற்பெயருடைய அவர் 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்து, நெல்லை இந்துக் கல்லூரியில் பயின்று 1931இல் இளங்கலைப் பட்டம் பெற்றார். பின் எழுத்தை நம்பிச் சென்னைக்குச் சென்றார்; 1948இல் திருவனந்தபுரத்தில் மறைந்தார். அவர்தம் இரு கதைகள், ‘செல்லம்மாள்’, ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ ஆகியன, 1943 என்னும் ஒரே ஆண்டில் ‘கலைமகள்’ இதழில் வெளிவந்தன. இரண்டும் சென்னையில் வாழும் தென்னாட்டாரைப் பற்றியன. ஒன்றைப் படித்துவிட்டு மற்றொன்றைப் படிப்பவர்க்கு இரண்டையும் எழுதியவர் ஒருவரே என்பது வியப்பளிக்கும்.

‘செல்லம்மா’ளில் வரும் பிரமநாயகம் பிள்ளை ஜவுளிக்கடைச் சிப்பந்தி. வருவாய் குறைவு, வீடோ நகரின் ஓரத்தில். மனைவி நோயாளி. கடை வேலை முடிந்து வந்து சமைப்பவரும் மருந்து கொடுப்பவரும் அவரே. ஊருக்குப் போகவேண்டும் என்னும் ஏக்கம் அவ்வீட்டில் மூச்சுப்போல் உலவுகிறது. செல்லம்மாளின் மூச்சு ஒடுங்கிய பொழுதில் தொடங்கிப் பின்னோக்கிச் செல்லும் அக்கதையில் கொடியவர் என எவரும் இலர் என்பதை மாணவர் நோக்குதல் வேண்டும். யாரும் அவர்களைத் துரத்தவில்லை. பெயர் கேட்டு வீடு மறுக்கவில்லை. எனினும் அவ்வீட்டினுள் உரிமையோடு நுழைந்து, “என்ன செய்கிறது?” என்று கேட்கத்தக்க கேளிரை அந்நகரத்தில் நாம் காண்பதரிது. பிள்ளையின் அன்பு முழுமையானது. ஆயினும் ஓர் உள்ளத்தின் அன்பு ஓர் ஊரின் வேலையையும் சேர்த்துச் செய்ய நேர்ந்தால் என்னாகும் என்பதே அக்கதை என நாம் கொள்கிறோம்.

மற்றொரு கதையின் நாயகர் கந்தசாமிப் பிள்ளை மேலகரத்துக்காரர். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர் அதுவே. பிள்ளையின் பெயருக்கு முன்னே மேலகரம் முதலெழுத்துகளோடு நீண்டு நிற்பதைப் புதுமைப்பித்தன் விரும்பியே வைத்தார் எனலாம். பட்டணத்தில் பிழைப்பவர், ஊரைப் பெயரில் ஏந்தியவர். பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் முக்கில் நிற்கும் அவரிடம், மனித உருவில் வந்த கடவுள் திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். டிராமிலும் போகலாம், பஸ்ஸிலும் போகலாம், கேட்டுக் கேட்டு நடந்தும் போகலாம் என்னும் வகையில் பிள்ளை விடை கூறுகிறார். வழி கேட்டதில் தொடங்கிய பேச்சு காப்பிக் கடைக்குச் செல்கிறது. வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தா கேட்பதற்குச் செல்கிறது. பின்னர்க் கடவுள் பிள்ளையின் வீட்டில் வந்து தங்குகிறார். அங்கே அவரை உண்மையில் ஏற்றுக்கொள்வது பிள்ளையின் சிறு மகள். அவளுக்கு அவர் தாத்தா. விளையாட்டுக்கு ஓர் ஆள். வரம் தருபவர் என்பதற்காக அவள் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவரும் அக்குழந்தையோடு இருக்கும்போதுதான் விருந்தாளியாக இல்லாமல் வீட்டாராக இருக்கிறார். பிழைப்புத் தேடி வெளியே சென்ற இடத்திலோ அவருடைய ஆடற்கலைக்கும் மதிப்பில்லாமற் போகிறது. கடவுளே ஆயினும் புதிய ஊரில் தகுதியால் நுழைய முடியவில்லை, குழந்தையின் உரிமையால் நுழைந்தார் என்பது இக்கதையின் நகைச்சுவைக்குள் இருக்கும் நெருப்பு.

இதுகாறும் இங்கிருந்து சென்றோரைக் கண்டோம். இங்கு வந்தவர் ஒருவரையும் காணவேண்டும். தோப்பில் முகம்மது மீரான் 1944இல் குமரி மாவட்டத் தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்தவர். அப்பகுதி 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழகத்தோடு இணைந்தது. ஆகவே வீட்டில் தமிழ் பேசிய அவர் பள்ளியில் மலையாளமே பயின்றார். பின்னர் நெல்லைக்குக் குடிபெயர்ந்து மிளகாய் வற்றல் வணிகம் செய்தார். தமிழ்த் துறைகளில் எம்.ஏ., எம்ஃபில் என்று பட்டம் சுமந்திருக்கும் நம்மைப் போன்றோர் எழுதாததை, வற்றல் வணிகர் எழுதினார். ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ 1988இல் நூலாயிற்று. தொடர்ந்து ‘துறைமுகம்’, ‘கூனன் தோப்பு’ ஆகியன வந்தன. ‘சாய்வு நாற்காலி’க்கு 1997இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 2019 மே 10 அன்று நெல்லையிலேயே மறைந்தார்.

நெல்லையில் பல்லாண்டு வாழ்ந்தவர் எழுதியது நெல்லையைப் பற்றியன்று. தேங்காய்ப்பட்டணக் கடலோரத்தைப் பற்றி. மொழியும் அவ்வூர் முஸ்லிம்களின் பேச்சே. மலையாளமும் அறபும் கலந்து ஓடுவது. அவ்வாறாயின் அவர் இவ்வூரோடு ஒட்டவில்லையா என்று வகுப்பில் ஒரு மாணவி வினவினார். நல்ல வினா. நாம் கூறிய விடை இது: “எந்த ஊர்?” என்று நெல்லை கேட்ட கேள்விக்கு மீரான் கூறிய நெடிய விடையே அந்நாவல்கள். ஒருவர் தம் பழைய ஊரை அதன் குற்றங்குறைகளோடு இத்தனை விரிவாகச் சொல்ல வேண்டுமாயின், அதற்கு அமர்ந்து சொல்லும் ஓரிடம் வேண்டும். அவ்விடத்தைத் தந்தது இவ்வூர். பழைய ஊரை மறந்தால்தான் உன்னைச் சேர்ப்போம் என்பது கேண்மையாகாது. அண்ணாச்சிக்கு முப்பதாண்டு கழிந்தும் கிருஷ்ணாபுரம் மறக்கவில்லை. அந்த மறவாமையால்தானே நமக்கு வீடு கிடைத்தது!

இன்று ஓர் இடர் புதிதாக வந்துள்ளது. கையிலுள்ள அலைபேசியே வழி சொல்லிவிடுகிறது. கேட்டுக் கேட்டு நடக்க வேண்டுவதில்லை. வாகையடி முக்கில் நிற்கும் புதியவர் யாரையும் நிமிர்ந்து பாராமலே கீழ ரத வீதிக்குச் சென்றுவிடலாம். வழி தவறுவதில்லை என்பது உண்மை. ஆனால், கந்தசாமிப் பிள்ளையையும் சந்திப்பதில்லை. மதுரைக்கு வழி வாயிலே என்னும் பழமொழிக்கு இனி என்ன உரை எழுதுவது என்பதைத் தமிழாசிரியர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும். விடுதியில் ஓர் அறையிலிருக்கும் நால்வரும் தத்தம் ஊரோடு அலைபேசியில் பேசிக்கொண்டிருக்க, ஒருவர்க்கொருவர் ஊர் கேட்காமல் நாற்பது நாள் கழிவது அங்ஙனமே நிகழ்கிறது.

அந்த மாணவரை அழைத்தோம். “எந்த ஊர் என்பது கட்டுரையில் தெரிந்துவிட்டது. ஆனால் ஏலம் எப்படிக் கூறுவார்கள் என்பதை நீர் எழுதவில்லையே, தம்பி” என்றோம். சற்றுத் தயங்கியபின் துறை அறையிலேயே நின்று, வஞ்சிரம் ஒரு குவியலுக்கு ஏலம் கூறிக் காட்டினார். அடுத்த அறையிலிருந்து பேராசிரியர்கள் இருவர் எட்டிப் பார்த்தனர். ஒருவர் விலையை ஐம்பது ரூபாய் ஏற்றிக் கேட்டார்.

சில வாரம் கழித்து அம்மாணவர் தாமாகவே நம்மிடம் வந்து ஒரு செய்தி கூறினார். டவுணில் பேருந்துக்கு நின்றபோது மூதாட்டி ஒருவர், “ஏல தம்பி, பேட்டை பஸ்ஸு இங்கனதான நிக்கும்?” என்று கேட்டாராம். இவர் காட்டியிருக்கிறார். பேருந்து வரும்வரை, எந்த ஊர், யார் மகன், விடுதிச் சோறு எப்படி என்று அவ்வம்மையார் வினவிக்கொண்டேயிருந்தாராம். “என்ன சொன்னீர்?” என்றோம். “எல்லாத்தையும் சொல்லிட்டேன் சார். ரெண்டு பஸ்ஸை விட்டுட்டாங்க” என்றார்.